வைக்கோல் காளானுக்கு உணவாவது எப்படி?
(க.பொ.த. சாதாரண தரம் – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்)



காளான் வளர்ப்பு என்ற பாடப்பகுதியைப் படிக்கும்போது உங்களில் பலர் படிமுறைகளை மட்டும் வரிசையாக மனனம் செய்துவிடுகிறீர்கள். வைக்கோலை நனைத்தல், குவித்தல், புரட்டுதல், வித்திடல், நீர் தெளித்தல், அறுவடை என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் வினாத்தாளில் "வைக்கோலை நேரடியாகப் பயன்படுத்தாது கூட்டெருவாக்கிப் பயன்படுத்துவதற்கான காரணத்தை விளக்குக" என்று கேட்டால், "காளான் நன்றாக வளர்வதற்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அது விடையல்ல, வினாவையே திருப்பி எழுதுவதாகும். "விளக்குக" என்ற சொல் வந்தால் காரணமும் விளைவும் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும்.

இப்பகுதியில் அந்தச் சங்கிலியை ஒவ்வொரு வளையமாகப் பார்ப்போம். ஒரு தடவை விளங்கிக்கொண்டால் மனனம் செய்ய வேண்டிய அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

1. காளான் உணவு பெறும் விதம்

காளான் ஒரு பங்கசு. அதில் பச்சையம் இல்லை. ஆகவே ஒளித்தொகுப்புச் செய்து தனக்குத் தேவையான உணவைத் தானே தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. இறந்த சேதனப் பொருள்களிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. இவ்வாறு வாழும் அங்கிகளை அழுகல்வளரிகள் என்கிறோம்.

நாம் உணவை வாயால் உட்கொண்டு உடலினுள் சமிபாடடையச் செய்கிறோம். காளான் இதற்கு மாறானது. அதன் நுண்ணிய பங்கசு இழைகள் நொதியங்களை வெளியே சுரக்கின்றன. அந்நொதியங்கள் வெளியிலேயே பொருளைச் சமிபாடடையச் செய்கின்றன. நீரில் கரைந்த எளிய பொருள்களை மட்டும் இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் பறித்துச் சமைக்கும் குடை போன்ற பகுதி காளானின் கனியுடல் மட்டுமே. உண்மையில் உணவு தேடும் பகுதி ஊடகத்தினுள் வெண்ணிற வலைபோல் பரந்திருக்கும் பூசணவலையாகும்.

எனவே முதலாவது முடிவு: வைக்கோலில் உணவு இருந்தால் மட்டும் போதாது. அது காளானின் நொதியங்களால் உடைக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

2. வைக்கோலில் என்ன இருக்கிறது?

வைக்கோலின் பெரும்பகுதி கலச்சுவர்ப் பொருளாகும். அதில் முக்கியமானவை மூன்று.

(அ) செலுலோசு – குளுக்கோசு அலகுகள் நீண்ட சங்கிலியாக இணைந்தது.
(ஆ) அரைச்செலுலோசு – வேறுவகை வெல்ல அலகுகளும் சேர்ந்த, கிளைகொண்ட சங்கிலி. ஒப்பீட்டளவில் எளிதில் உடையும்.
(இ) இலிக்னின் – மிகக் கடினமான, எளிதில் உடையாத பொருள்.

ஒரு கொங்கிறீற்றுத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் இரும்புக் கம்பிகள் செலுலோசு. கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பி அரைச்செலுலோசு. இவற்றைச் சுற்றி இறுகியிருக்கும் கொங்கிறீற்று இலிக்னின். கம்பியை எடுக்க வேண்டுமானால் முதலில் கொங்கிறீற்றை உடைக்க வேண்டுமல்லவா? அதுபோலவே செலுலோசிலுள்ள வெல்லத்தைப் பெறுவதற்கு இலிக்னின் தடையாக இருக்கிறது. இதைவிட நெல் வைக்கோலின் மேற்பரப்பில் மெழுகுப் படையும், கலச்சுவரில் சிலிக்காவும் உண்டு. புதிய வைக்கோலில் நீர் ஊற்றினால் வழிந்தோடுவதற்கு இந்த மெழுகுப் படையே காரணம்.

வைக்கோலில் இன்னொரு குறைபாடும் உண்டு. காபன் நிறைய உள்ளது. நைதரசன் மிகக் குறைவு. புரதம் ஆக்குவதற்கு நைதரசன் அவசியம். இதைப் பற்றி 4ஆம் பகுதியில் பார்ப்போம்.

3. எல்லாக் காளானுக்கும் கூட்டெரு வேண்டுமா?

இங்குதான் மாணவர்கள் அதிகம் குழம்புகின்றனர். விடை: வேண்டியதில்லை.

சிப்பிக்காளான்: இயற்கையில் இறந்த மரங்களில் வளர்வது. இலிக்னினையும் செலுலோசையும் தானே உடைக்கும் நொதியங்கள் இதனிடம் உண்டு. ஆகவே வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் ஊறவைத்து, கொதிநீராலோ கொதிநீராவியாலோ பரிகரித்து, ஆறவிட்டு, மேலதிக நீரை வடித்தபின் வித்திடலாம். எமது நாட்டில் மரத்தூளுடன் அரிசித் தவிடு முதலியவற்றைக் கலந்து பொலித்தீன் பைகளில் நிரப்பி, நீராவியால் கிருமியழித்தும் சிப்பிக்காளான் வளர்க்கப்படுகிறது. இங்கே வெப்பப் பரிகரிப்பின் நோக்கம் போட்டியிடும் பூஞ்சணங்களை அழிப்பதாகும். பொருளைப் பிரிகையடையச் செய்வதன்று.

வைக்கோற் காளான்: வெப்பமான தாழ்நிலப் பிரதேசங்களுக்குப் பொருத்தமானது. நனைத்த வைக்கோற் கட்டுகளை அடுக்கிப் படுக்கை அமைத்து வளர்க்கலாம்.

பொத்தான் காளான்: குளிரான காலநிலை தேவை. இலங்கையில் மலைநாட்டுக் குளிர்ப் பிரதேசங்களுக்கே ஏற்றது. இயற்கையில் ஏற்கெனவே ஓரளவு உக்கிய பொருள்களில் வாழ்வது. முதற்கட்ட உடைத்தலை வேறு நுண்ணங்கிகள் செய்துகொடுத்த பின்னரே இது நன்றாக வளரும். ஆகவே கூட்டெரு இதற்கு இன்றியமையாதது.

எனவே இனி வரும் விளக்கம் முழுவதும் பொத்தான் காளானுக்காக வைக்கோற் கூட்டெரு தயாரிப்பதைப் பற்றியதாகும்.

4. காபன் : நைதரசன் விகிதம்

நுண்ணங்கிகளுக்குக் காபன் சக்தி முதலாகவும் உடலைக் கட்டும் பொருளாகவும் பயன்படுகிறது. நைதரசன் புரதம் ஆக்கப் பயன்படுகிறது. நைதரசன் போதாவிட்டால் நுண்ணங்கிகள் பெருக மாட்டா. வைக்கோலும் உக்காமல் கிடக்கும். நைதரசன் மிதமிஞ்சினால் எஞ்சியது அமோனியா வாயுவாக வெளியேறும். ஆகவே குவியலை அமைக்கும்போது இவ்விகிதம் ஏறத்தாழ 30 : 1 ஆக இருக்குமாறு பார்த்துக்கொள்வர்.

ஒரு கணிப்பைச் செய்து பார்ப்போம். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட பெறுமானங்கள் இவை:

உலர் வைக்கோல் 100 கி.கி. – காபன் 40%, நைதரசன் 0.5%
உலர் கோழி எரு 50 கி.கி. – காபன் 30%, நைதரசன் 3%

வைக்கோலில் காபன் 40 கி.கி.; நைதரசன் 0.5 கி.கி. ஆகவே விகிதம் 80 : 1.
கோழி எருவில் காபன் 15 கி.கி.; நைதரசன் 1.5 கி.கி. ஆகவே விகிதம் 10 : 1.
கலவையில் காபன் 55 கி.கி.; நைதரசன் 2 கி.கி. ஆகவே விகிதம் 27.5 : 1.

80 : 1 ஆக இருந்தது ஏறக்குறைய 30 : 1 இற்கு வந்துவிட்டது. கோழி எரு, யூரியா போன்றவற்றைச் சேர்ப்பது ஏன் என்று கேட்டால் இதுவே விடை. "பசளையாகச் சேர்க்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் போதாது.

கூட்டெரு ஆகிக்கொண்டு போகும்போது இவ்விகிதம் மேலும் குறையும். காரணம், நுண்ணங்கிகள் சுவாசிக்கும்போது காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. மேலுள்ள கலவையில் 21 கி.கி. காபன் வெளியேறி, நைதரசன் இழக்கப்படவில்லை எனக் கொண்டால், எஞ்சுவது 34 : 2, அதாவது 17 : 1. நன்கு தயாரான காளான் கூட்டெருவின் விகிதமும் ஏறத்தாழ இதுவே. (நடைமுறையில் நைதரசனிலும் ஒரு பகுதி அமோனியாவாக இழக்கப்படும்.) குவியல் நாளுக்கு நாள் தாழ்ந்துபோவதன் காரணத்தையும் இப்போது விளங்கிக்கொண்டிருப்பீர்கள். வைக்கோலின் ஒரு பகுதி வாயுவாக மாறி வளிமண்டலத்துக்குப் போய்விட்டது.

5. முதலாம் கட்டம் – குவியலில் நடப்பவை

வைக்கோலை நன்றாக நனைத்து, எருவுடன் கலந்து, ஏறத்தாழ 1.5 மீற்றர் உயரமும் அதேயளவு அகலமும் கொண்ட குவியலாக அமைப்பர். ஈரப்பதன் ஏறத்தாழ 70 – 75 சதவீதமாக இருக்க வேண்டும்.

முதலில் சாதாரண வெப்பநிலையில் வாழும் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் வேலையைத் தொடங்குகின்றன. இவை எளிதில் கிடைக்கும் வெல்லம், மாப்பொருள் என்பவற்றை முதலில் உண்கின்றன. அவற்றின் சுவாசத்தினால் வெப்பம் வெளிவருகிறது. வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தாண்டும்போது இந்த முதற்கூட்டம் ஒடுங்கிவிட, வெப்பநாட்டமுள்ள பற்றீரியா, அற்றினோமைசீற்று, பங்கசு என்பன அவ்விடத்தைப் பிடிக்கின்றன. இவை அரைச்செலுலோசையும் செலுலோசையும் உடைக்கின்றன. குவியலின் நடுப்பகுதியில் வெப்பநிலை 70 – 80 பாகை வரை உயரும். அவ்வளவு வெப்பத்தில் பெரும்பாலான நுண்ணங்கிகளும் செயற்பட மாட்டா. அங்கே வெப்பமும் அமோனியாவும் சேர்ந்து இரசாயனத் தாக்கங்கள் நடைபெறுகின்றன. வைக்கோல் மென்மையாகி, மெழுகுப் படை அழிந்து, கபில நிறமாகிறது.

இவ்வெப்பம் வெயிலால் வருவது என்று சிலர் எழுதுகின்றனர். அது பிழை. வெயில் படாத கொட்டகைக்குள் அமைக்கும் குவியலும் இதேபோல் சூடாகும். வெப்பம் நுண்ணங்கிகளின் சுவாசத்திலிருந்து தொடங்குவது.

அப்படியானால் ஒரு வாளி நனைந்த வைக்கோல் ஏன் சூடாவதில்லை? அதிலும் நுண்ணங்கிகள் சுவாசிக்கின்றனவே. சிறிய அளவாக இருந்தால் உண்டாகும் வெப்பம் மேற்பரப்பினூடாக உடனே இழக்கப்பட்டுவிடும். பெரிய குவியலில் வெளிப்பகுதி ஒரு போர்வைபோல் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காக்கிறது.

குவியலைப் புரட்டுவது ஏன்?
• நடுப்பகுதிக்கு ஒட்சிசன் கிடைக்கச் செய்வதற்கு. ஒட்சிசன் இல்லாவிட்டால் காற்றின்றிய சுவாசம் நடந்து, துர்நாற்றமுள்ள பொருள்கள் உண்டாகும்.
• வெளியிலுள்ள குளிர்ந்த பகுதியை உள்ளே கொண்டுவந்து, முழுவதும் ஒரே அளவில் பிரிகையடையச் செய்வதற்கு.
• உலர்ந்த இடங்களுக்கு நீர் சேர்ப்பதற்கு.

ஜிப்சம் சேர்ப்பது ஏன்?
ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்றாகும். பிரிகையடையும் வைக்கோல் பசைபோல் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து, காற்றிடைவெளிகளைப் பேண அது உதவுகிறது. அமோனியா இழப்பையும் குறைக்கிறது. "பசளையாக" என்று எழுதாதீர்கள்.

6. இரண்டாம் கட்டம் – பாச்சராக்கலும் பதப்படுத்தலும்

முதலாம் கட்டம் முடிந்த கூட்டெருவில் மூக்கைத் துளைக்கும் அமோனியா மணம் இருக்கும். பூச்சிகள், வட்டப்புழுக்கள், வேண்டாத பூஞ்சணங்கள் என்பனவும் இருக்கலாம். இந்நிலையில் காளான் வித்தை இடக்கூடாது. இரண்டாம் கட்டம் மூடிய அறையில் இரு படிகளில் நடைபெறும்.

பாச்சராக்கல்: வெப்பநிலையை 58 – 60 பாகையில் சில மணி நேரம் பேணுதல். இதனால் பூச்சிகளும் தீங்கான பூஞ்சணங்களும் அழிகின்றன. ஆனால் பயனுள்ள வெப்பநாட்டமுள்ள நுண்ணங்கிகள் தப்பிவிடுகின்றன. இதற்கும் கிருமியழித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கிருமியழித்தலில் எல்லா நுண்ணங்கிகளும் அழிக்கப்படும். இங்கே வேண்டாதவை மட்டும் நீக்கப்படுகின்றன. வெப்பநிலையை இதைவிடக் கூட்டினால் பயனுள்ளவையும் அழிந்துவிடும்.

பதப்படுத்தல்: பின்னர் வெப்பநிலையை 45 – 50 பாகைக்குக் குறைத்து, காற்றோட்டத்துடன் சில நாட்கள் பேணுதல். இவ்வெப்பநிலையில் வெப்பநாட்டமுள்ள பங்கசுக்களும் அற்றினோமைசீற்றுக்களும் சிறப்பாகப் பெருகுகின்றன. அவை அமோனியாவைப் பயன்படுத்தித் தமது உடற்புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. அமோனியா வாயுவாக இருந்த நைதரசன் இப்போது நுண்ணங்கிகளின் உடலில் சேமிக்கப்பட்டுவிட்டது. பின்னர் பொத்தான் காளானின் பூசணவலை அந்த நுண்ணங்கிகளையே உணவாகக் கொள்கிறது.

கவனியுங்கள் மாணவர்களே, இதுதான் சங்கிலியின் நடு வளையம். பூசணவலைக்கு அமோனியா நஞ்சு. அதே நைதரசன் புரதமாக மாறிய பின் உணவு. கூட்டெருவாக்கத்தின் முழு நோக்கமும் இம்மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. பூஞ்சணங்கள் எளிய வெல்லங்களை விரும்பி உண்பன. நுண்ணங்கிகள் அவ்வெல்லங்களை ஏற்கெனவே முடித்துவிட்டதால் பூஞ்சணங்களுக்கு அங்கு இடமில்லை. எஞ்சியுள்ள இலிக்னின் சார்ந்த பொருள்களையும், செலுலோசையும், நுண்ணங்கிப் புரதத்தையும் பொத்தான் காளானால் பயன்படுத்த முடியும். ஆகவே நல்ல கூட்டெரு காளானுக்குச் சாதகமாகவும் போட்டியாளர்களுக்குப் பாதகமாகவும் அமைந்த ஊடகமாகும்.

7. வித்திட்ட பின்னரும் பிரிகை தொடரும்

கூட்டெரு தயாரானதுடன் பிரிகை நின்றுவிடுவதில்லை. பூசணவலை பரவும் காலத்தில் அது இலிக்னினைக் கூடுதலாக உடைக்கிறது. கனியுடல் தோன்றும் காலத்தில் செலுலோசை உடைக்கும் நொதியங்கள் அதிகம் சுரக்கப்படுகின்றன. குறுகிய காலத்தில் பெரிய கனியுடல்களை ஆக்கப் பெருமளவு வெல்லம் தேவைப்படுவதே காரணம். இக்காலத்தில் சுவாசத்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டு அறையில் தேங்கினால் காம்பு நீண்டு, குடை சிறுத்துவிடும். காளான் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அறுவடை முடிந்தபின் எஞ்சும் கூட்டெருவையும் வீசிவிட வேண்டியதில்லை. சில காலம் வெளியில் குவித்து மழையில் உப்புக் கரைந்துபோக விட்டபின், மரக்கறிப் பயிர்களுக்குச் சேதனப் பசளையாக இடலாம். 2021ஆம் ஆண்டில் எமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டபோது கூட்டெரு பற்றி ஊரெங்கும் பேசப்பட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உக்காத வைக்கோலை மண்ணில் புதைத்தால், அதை உடைக்கும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும். காபன் : நைதரசன் விகிதம் காளான் வளர்ப்பில் மட்டுமல்ல, வயலிலும் தோட்டத்திலும் இவ்வாறு பேசுகிறது.

8. கூட்டெரு தயாரானதை அறிவது எப்படி?

• நிறம் – கரும் கபிலம்
• மணம் – அமோனியா மணம் அறவே இல்லை
• ஈரம் – கைப்பிடியில் எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி நீர் தோன்றும், ஒழுகாது
• வைக்கோல் – இழுத்தால் எளிதில் அறும், ஆனால் கூழாகியிருக்காது
• தோற்றம் – அற்றினோமைசீற்றுக்களின் சாம்பல் வெண்ணிறப் புள்ளிகள் காணப்படும்
• பீ.எச். பெறுமானம் – நடுநிலைக்கு அண்மையில் அல்லது சற்றுக் காரமாக

குறைபாடுகளும் காரணங்களும்:
குவியல் சூடாகவில்லை – நீர் அல்லது நைதரசன் போதாது. அல்லது குவியல் சிறியது.
கறுத்து வழுவழுப்பாகி நாறுகிறது – நீர் கூடிவிட்டது, காற்று இல்லை.
வித்திட்டும் பூசணவலை பரவவில்லை – அமோனியா எஞ்சியிருக்கலாம்.
மெல்லிய காம்புடன் தோன்றி, மைபோல் கரைந்துபோகும் வேற்றுக் காளான் முளைக்கிறது – இதுவும் அமோனியா எஞ்சியிருந்ததன் அறிகுறி.

இவற்றை வெறும் பரீட்சைக் குறிப்பாக மட்டும் எண்ண வேண்டாம். வீட்டோடு சேர்ந்த சிறு கொட்டகையில் காளான் வளர்க்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வித்துக்குக் கொடுத்த பணமும், வைக்கோல் ஏற்றி இறக்கிய கூலியும், பல வார உழைப்பும் அந்தக் கூட்டெருவில்தான் இருக்கின்றன. அமோனியா மணம் போகும்வரை இரண்டு நாள் பொறுத்தால் அத்தனையும் தப்பும். அவசரப்பட்டால் அத்தனையும் போகும். அங்கே தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியல்ல. காரணம் தெரிந்த ஒருவருடைய மூக்கு.

9. பரீட்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

• "காளான் ஒரு தாவரம்" என எழுதுதல். அது பங்கசு.
• பாச்சராக்கலையும் கிருமியழித்தலையும் ஒன்றெனக் கருதுதல்.
• சிப்பிக்காளானுக்கும் பொத்தான் காளானுக்கும் ஒரே ஊடகத் தயாரிப்பை எழுதுதல்.
• விகிதத்தை மாற்றி எழுதுதல். முதலில் காபன், அடுத்தது நைதரசன்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: பொத்தான் காளான் வளர்ப்பில் வைக்கோலைக் கூட்டெருவாக்கிப் பயன்படுத்துவதற்கான காரணத்தை விளக்குக.

விடை: பொத்தான் காளான் பச்சையமற்ற ஓர் அழுகல்வளரியாகும். புதிய வைக்கோலில் செலுலோசு இலிக்னினால் சூழப்பட்டிருப்பதாலும், நைதரசன் குறைவாக இருப்பதாலும் அதனை நேரடியாகப் பயன்படுத்த இக்காளானால் இயலாது. கோழி எரு முதலியவற்றைச் சேர்த்துக் கூட்டெருவாக்கும்போது நுண்ணங்கிகள் வைக்கோலை ஓரளவு உடைத்து மென்மையாக்குகின்றன. எளிய வெல்லங்கள் தீர்ந்துவிடுவதால் போட்டியிடும் பூஞ்சணங்கள் வளர்வது குறைகிறது. அமோனியா நுண்ணங்கிப் புரதமாக மாற்றப்படுவதால் நஞ்சுத் தன்மை நீங்கி, காளானுக்கு உகந்த நைதரசன் உணவு கிடைக்கிறது. பாச்சராக்கலினால் பூச்சிகளும் தீங்கான பூஞ்சணங்களும் அழிகின்றன. ஆகவே பூசணவலை தடையின்றிப் பரவுகிறது.

இவ்விடையில் எத்தனை காரணங்கள் உள்ளன என்று பென்சிலால் அடையாளமிட்டு எண்ணிப் பாருங்கள். பின்னர் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொந்த வசனங்களில் எழுதிப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. உலர் வைக்கோல் 200 கி.கி. இல் காபன் 40%, நைதரசன் 0.5% உள்ளது. இதனுடன் 2 கி.கி. யூரியா சேர்க்கப்படுகிறது. யூரியாவில் நைதரசன் 46%, காபன் 20% எனக் கொண்டு கலவையின் காபன் : நைதரசன் விகிதத்தைக் காண்க. இக்கலவை போதுமானதா? காரணம் தருக.
2. கூட்டெருக் குவியலின் உயரம் காலப்போக்கில் குறைவது ஏன்?
3. பதப்படுத்தலின்போது காற்றோட்டம் நிறுத்தப்பட்டால் ஏற்படக்கூடிய இரு விளைவுகளைக் குறிப்பிடுக.
4. சிப்பிக்காளானுக்கு வைக்கோலைக் கூட்டெருவாக்குவது அவசியமில்லை. காரணம் தருக.

முதலாம் வினாவின் விடை ஏறத்தாழ 42 : 1 என வரவேண்டும். வராவிட்டால் யூரியாவிலுள்ள நைதரசனைக் கூட்டினீர்களா என்று சரிபாருங்கள். மற்ற மூன்றுக்கும் விடைகள் இப்பக்கங்களிலேயே இருக்கின்றன. தேடி எழுதுங்கள், எழுதியவற்றை நண்பருடன் மாற்றித் திருத்துங்கள். வெற்றி உங்களதாகட்டும்.